வளர்த்த கையும் அறுக்கும் கையும்

“கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?” என்பது நம் மக்களின் பழமொழி. பெற்றவர் கண்டித்தால் பிள்ளை கெட்டுவிடாது என்று சொல்லும்பொருட்டு ஆசிரியர்களாகிய நாமும் இதனை வகுப்பறையில் எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கிறோம். ஆனால் இப்பழமொழி உண்மையாவதற்குக் குஞ்சுக்குத் தாய்க்கோழி ஒன்று இருந்தாக வேண்டும். இன்று மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பொரிப்பகத்திலிருந்து வீட்டு வளவுகளுக்கு வந்து சேரும் கலப்பினக் குஞ்சு தாயைக் கண்டதில்லை. அது அடைகாக்கும் இயந்திரத்தில் 21 நாள் கிடந்து, எண்ணற்ற உடன்பிறப்புகளோடு ஒரே நாளில் ஓடுடைத்து, துளையிட்ட கடதாசிப் பெட்டியில் ஏறி வருகிறது. அதனை மிதிக்கவும் தாயில்லை. சிறகுக்குள் அணைக்கவும் தாயில்லை. இரண்டுக்கும் பதிலாக ஒரு மனிதக் கை இருக்கிறது. அந்தக் கையையே அது தாயென்று நம்புகிறது.

இந்த நம்பிக்கையினின்று ஒரு கேள்வி பிறக்கிறது. நம்மை நம்பும்படி நாமே பழக்கிய ஓர் உயிரின் முட்டையை எடுக்கவும், முட்டை நின்றபின் அதன் கழுத்தை அறுக்கவும் நமக்கு என்ன உரிமை? பழக்கியதே வஞ்சகம் ஆகாதா?

முற்போக்கு ஏட்டில் கோழிக் கதையா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் இருப்பர். அவர்கள் ஒருமுறை எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய்வருதல் நலம். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அக்கரையின் நெல்லும் தயிரும் முட்டையும் படகுத்துறையிற் காத்துக்கிடந்தே இக்கரைக்கு வந்தன. இப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமரபைப் போற்றி வந்திருக்கிறார்கள். வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்கே சீதனமாய்ச் சேரும். வயல் ஆணின் பெயரில் இருக்கலாம். வயலின் விளைச்சல் விதைநெல்லுக்கும் பசளைக்கும் பட்ட கடனுக்குப் போய்ச் சேரலாம். வளவில் மேயும் கோழி மாத்திரம் அந்தப் பெண்ணுக்கே உரியது. பிள்ளையின் கொப்பிக்கும் பஸ் கட்டணத்துக்கும் யாரிடமும் கையேந்தாமல் அவள் எடுத்துக்கொள்ளக்கூடிய காசு முட்டைக் காசுதான். வங்கி ஏட்டில் இடம்பெறாத இச்சேமிப்பைப் பற்றிப் பேசாதவர்கள் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுவது எங்ஙனம் என்று எனக்கு விளங்கவில்லை.

குஞ்சு மனிதரோடு நட்பாவது மாயமன்று. முட்டையை விட்டு வெளிவந்த முதலிரண்டு நாட்களில் தன் கண்முன் அசைந்து திரியும் ஒன்றைத் தாயெனக் கொண்டு பின்தொடரும் இயல்பு கோழிக்குஞ்சுக்கு உண்டு. டக்ளஸ் ஸ்பால்டிங் என்னும் ஆங்கிலேயர் 1873ஆம் ஆண்டிலேயே இதனைக் கவனித்து எழுதினார். பின்னர் 1935இல் கொன்ராட் லோரன்ஸ் இதனை விரிவாக ஆராய்ந்தார். லோரன்ஸுக்கு முன்பே நம் ஊர்த் தாய்மாருக்கு இது தெரியும். பெட்டிக்குள் மின்குமிழைத் தொங்கவிட்டுச் சூடு காட்டுவார்கள். கையை மேலிருந்து இறக்கமாட்டார்கள். மேலிருந்து வருவதெல்லாம் குஞ்சுக்குப் பருந்துதான். தரையோடு தரையாய் உள்ளங்கையை விரித்து அதிற் குறுணலையோ, புற்றிலிருந்து பெயர்த்த கறையானையோ வைத்துப் பொறுமையாய் இருப்பார்கள். சில நாளில் ஒரு குஞ்சு துணியும். அதனைக் கண்டு மற்றவை துணியும். இரண்டு வாரத்தில் முழங்கை வரை ஏறி நிற்கும். உதவித் திட்டங்களில் மாத வயதுக் குஞ்சுகளை வாங்கியவர்களுக்கு இவ்வேலை கடினம். அவ்வயதிற் குஞ்சின் அச்சம் முற்றிவிடுகிறது. வீசிய தீனைத் தின்னும், ஆனால் கையை நெருங்காது. அந்தியில் ஒரே நேரத்தில் ஒரே குரலில் அழைத்துத் தீன் வைத்தால் அவையும் பழகும், நாட்செல்லும்.

இப்படிப் பழகிய கோழியால் வளர்ப்பவளுக்கு இலாபமும் உண்டு. அது வேலியோரப் பற்றைக்குள் ஒளித்து முட்டையிடாமல் பெட்டிக்குள் இடும். பொழுதுபட அழைத்தால் கூட்டுக்கு வரும். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் நோய்க்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்புமருந்து விட வேண்டுமானால், துரத்தி ஓடாமல் தூக்கிவிடலாம். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் ஜாவாவிலும் இனங்காணப்பட்ட அந்நோய் வந்தால் ஒரு வளவே வெறுமையாகும் என்பதை அறிந்தவர்களுக்கு இச்சிறு வசதியின் அருமை தெரியும். ஆயினும் இதே பழக்கந்தான் அறுக்கப் பிடிக்கும்போதும் அதனை ஓடாமல் நிற்கச் செய்கிறது. நட்பு முட்டைக்கும் வழிகாட்டுகிறது, கத்திக்கும் வழிகாட்டுகிறது. நம் கேள்வியின் முள் இங்கேதான் தைக்கிறது.

கோழி எப்படி மனிதனிடம் வந்தது என்பதை நோக்கினால் சிறிது வெளிச்சம் கிடைக்கும். தென்கிழக்காசியக் காடுகளின் செங்காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் முதல் மூதாதை. தாய்லாந்திலுள்ள பான் நொன் வாட் என்னுமிடத்திற் கிடைத்த எலும்புகளே வீட்டுக்கோழியின் மிகப் பழைய சான்றுகள் என்றும், அவை ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், நெல்லும் தினையும் பயிரிடப்பட்ட இடங்களுக்குத் தானியத்தை நாடிக் காட்டுக்கோழிகள் வந்ததே இவ்வுறவின் தொடக்கமாகலாம் என்றும் 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறிற்று. தென்னிந்தியாவின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியும் இடையிற் கலந்தது. நம் கோழிகளின் மஞ்சட்காலுக்குக் காரணமான மரபணு அதிலிருந்து வந்தது என 2008இற் கண்டறிந்தனர். இலங்கையின் சொந்தக் காட்டுக்கோழியோ இந்நாட்டின் தேசியப் பறவை என்னும் பட்டத்தைப் பெற்றும் இன்றுவரை வீட்டுக்குள் வராமல் காட்டிலேயே கூவிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இவ்வுறவு வலைவீசிப் பிடித்ததால் மட்டும் உண்டானதென்று தோன்றவில்லை. சூடடித்த களத்திற் சிந்திய நெல்லைக் கோழி பொறுக்கும் காட்சியைப் படுவான்கரையில் இன்றும் காணலாம். அன்றும் அதுவே நிகழ்ந்திருக்கும். கோழி தானியத்தைத் தேடியது, மனிதன் முட்டையைத் தேடினான். இதனை ஓர் ஒப்பந்தம் என்று சிலர் வருணிப்பதுண்டு. அச்சொல்லை நான் ஏற்கமாட்டேன். ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்ட ஒரு தரப்பு மற்றத் தரப்பின் உணவு, இருப்பிடம், இனப்பெருக்கம், சாவு அனைத்தையும் தானே தீர்மானிக்குமாயின் அதனை ஒப்பந்தம் என்பவர் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலுள்ளதையும் சுதந்திர உடன்படிக்கை என்றே சொல்வர். இங்கு நிகழ்வது ஒருதலை வாக்குறுதி. கையை நீட்டியவர் நாம். ‘இக்கையிலிருந்து உனக்குக் கேடு வராது’ என்று சொல்லாமற் சொன்னவரும் நாம். கோழி நமக்கு எதனையும் வாக்களிக்கவில்லை.

அந்த வாக்குறுதி எதுவரை செல்லும்? விலங்கிடத்து மனிதனுக்கு நேரான கடமை இல்லை, விலங்கை வதைப்பவன் மனிதரிடத்தும் கொடியவனாவான் என்பதற்காகவே வதைத்தல் ஆகாது என்றார் காண்ட். அப்படியானால் யாரும் காணாமல், தன் மனமும் கெடாமல் வதைப்பவனுக்குக் குற்றமில்லையா? விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்பதன்று, துன்பப்படுமா என்பதே கேள்வி என 1789இல் பெந்தம் எழுதியது உண்மைக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் துன்பத்தின் அளவு மட்டுமே கணக்கென்றால், நம்மை நம்பிய கோழியும் நம்மை அறியாத கோழியும் ஒன்றாகிவிடும். தன் கையிற் குறுணல் தின்ற பேட்டை அறுக்க முடியாமல் அயல்வீட்டுக்குக் கொடுத்துவிடும் தாய் அவ்விரண்டையும் ஒன்றென எண்ணவில்லை. அவளது தயக்கத்தை வெறும் பாசமென்று தள்ளிவிட முடியாது. தான் கொடுத்த வாக்கொன்று அவளுக்கு நினைவிருக்கிறது.

கொல்லாமையைப் பேரறமாகக் கொண்டோர் வாக்குறுதி முற்றானது, அறுக்கவே கூடாது என்பர். வள்ளுவர் கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அந்நெறியை மனமார ஒழுகுவோரை நான் மதிக்கிறேன். ஆனால் ஊரில் மீனும் முட்டையுமின்றிப் பிள்ளைக்குப் புரதம் ஊட்டும் வசதி எல்லாருக்கும் இல்லை. அறுக்காமல் விட்ட சேவல்கள் ஒரு வளவில் ஏழெட்டுச் சேர்ந்தால் ஒன்றையொன்று கொத்திக் கிழிப்பதையும், பேடுகளின் முதுகிறகு உதிர மிதிப்பதையும் கண்டவர்கள் அறுப்பதொன்றே கொடுமை என்று சொல்லமாட்டார்கள். சைக்கிளில் வரும் வியாபாரியிடம் கோழியை விற்றுவிட்டு, ‘என் கையால் அறுக்கவில்லை’ என்று ஆறுதல் கொள்வதும் எனக்கு உடன்பாடன்று. கால்கள் கட்டுண்டு தலைகீழாய் வெயிலில் தொங்கிச் செல்லும் அக்கோழிக்கு வளவிலேயே நொடியில் முடிவது மேலாயிருந்திருக்கும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழும் நம் முஸ்லிம் சகோதரர் மார்க்கத்தில் அறுப்பவன் இறைவன் பெயரைச் சொல்லியே அறுக்க வேண்டும். கத்தி கூராக இருக்க வேண்டும். அதனை விலங்கின் கண்முன் தீட்டலாகாது. அறுப்பவன் தான் செய்வது இன்னதென்று அறிந்து, அதற்குப் பொறுப்பேற்று நிற்கும் ஒழுங்கு அது.

என் கருத்தில் அவ்வாக்குறுதி சாவைப் பற்றியதன்று, வாழ்வைப் பற்றியது. கிளறவும், புழுதியிற் குளிக்கவும், சிறகு விரிக்கவும், மறைவான இடத்தில் முட்டையிடவும் கோழிக்கு இடமளிப்பது. நோயினின்றும் கீரியினின்றும் காப்பது. முடிவு வரும்போது அதனை அச்சமின்றி, விரைவாக முடிப்பது. இவற்றையே நீட்டிய கை வாக்களித்தது. இனி, இவ்வாக்கை முறிப்பவர் யார் என்று பார்ப்போம்.

ஊர்க்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்குக் கிடக்கும். பொரித்த குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் திரியும். ஆண்டு முழுவதும் சேர்த்து 50 முட்டை கிடைத்தால் பெரிது. லெகோர்ண், றோட் ஐலண்ட் ரெட் போன்ற இனங்களின் குருதி கலந்த வளவுக்கோழி 100 முதல் 180 வரை இடும். கூட்டிலடைத்த வணிகக் கோழி 300ஐத் தொடும். இந்தியாவின் வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா, வங்காளதேசத்தின் சோனாலி யாவும் ஏழை வளவுக்கு அதிக முட்டை என்னும் நல்ல நோக்கத்தோடு ஆக்கப்பட்டவையே. ஊர்க்கோழியின் பொற்காலம் ஒன்று இருந்ததென்று நான் கனவு காணவில்லை. பருந்தும் கீரியும் கழிச்சலும் குஞ்சுகளிற் பாதியைக் கொண்டுபோகும் வளவுகள் எத்தனையோ. அடைக்கிடக்கும் பேட்டை மீண்டும் முட்டைக்குத் திருப்ப அதனைத் தண்ணீரில் அமிழ்த்துவதும் மூக்கில் இறகு குத்துவதும் நம் பழைய வழக்கங்களே. அவற்றிற் கருணை இல்லை.

ஆனால் கலப்பினத்தில் நாம் எதனைக் கொடுத்து எதனைப் பெற்றோம்? அடைக்கிடக்கும் கோழி முட்டையிடாது. ஆகவே அதிக முட்டைக்காகத் தேர்ந்து தேர்ந்து இனம் பெருக்கியவர்கள் அடைகாக்கும் குணத்தையும் கழித்துக்கொண்டே வந்தார்கள். தாய்மை நட்டக்கணக்கில் எழுதப்பட்டது. கலப்பினப் பேடுகளில் ஒன்றிரண்டு அடைக்குக் கிடப்பதுண்டு. பாதியில் எழுந்துவிடுவது அதனினும் அதிகம். அதன் முட்டையை வேறு கோழிக்கு வைத்துப் பொரித்தாலும் குஞ்சுகள் தாயைப்போல வாரா. ஒன்று ஒருவிதம், மற்றொன்று வேறுவிதம். ஈராண்டில் முட்டை குறைந்ததும் அப்பெண் மீண்டும் பொரிப்பகத்தை நாட வேண்டும். முன்னர் அயல்வீட்டில் ஒரு பேட்டை இரவல் வாங்கி, பொரித்ததிற் பங்கு கொடுத்துப் புதுக்கூட்டம் தொடங்கியவள் இப்போது குஞ்சை விலைக்கு வாங்குகிறாள். உற்பத்திச் சாதனம் தொழில் செய்வோர் கையை விட்டுப் போவது ஆலைகளில் மட்டும் நிகழ்வதன்று. உலகின் வணிக முட்டைக்கோழிகளின் மூதாதைக் குலங்கள் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களின் உடைமை.

கோழியின் உடலும் இதற்கு விலை கொடுக்கிறது. ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் வேண்டும். தீனில் அது போதாவிடின் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்யும். 50 முட்டை இடும் உடம்பு கிளறித் தின்று ஈடுகட்டிவிடும். மூன்று மடங்கு இடும் உடம்பால் இயலாது. வாவிக்கரைச் சிப்பியை இடித்துத் தீனோடு போடுபவள் அவ்வெலும்பைக் காக்கிறாள். அதிக முட்டை தரும் இனத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கேற்ற தீனையும் மருந்தையும் வாங்கும் வழியைக் கொடாமற் போகும் உதவி, பெண்ணுக்கும் கோழிக்கும் ஒருங்கே சுமையேற்றுகிறது.

இதன் மறுமுனையில் இருப்பது கூண்டுப் பண்ணை. ரூத் ஹரிசன் என்னும் அம்மையார் 1964இல் ‘விலங்கு இயந்திரங்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதி அதனை அம்பலப்படுத்தினார். விலங்கு ஓர் இயந்திரமே என்று 17ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் சொன்னது தத்துவம். 20ஆம் நூற்றாண்டின் மூலதனம் அதனைக் கம்பியாற் கட்டிக் காட்டியது. நிற்க, படுக்க, திரும்ப, இறகு கோத, கைகால் நீட்ட விலங்குக்கு உரிமை வேண்டும் என 1965இல் பிரித்தானியாவில் பிரம்பெல் குழு பரிந்துரைத்தது. இவ்வளவையும் உரிமையென்று கேட்கவேண்டிய நிலை வந்ததே, அதனை எண்ணுங்கள்! ஒரு கோழிக்குக் கொப்பியின் விரித்த தாளளவும் இடந்தராத அத்தகைய கூண்டை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல்தான் தடைசெய்தது. முட்டை இனத்திற் பிறக்கும் சேவற்குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சிக்கும் விரைந்து வளராது. ஆகவே பிறந்த அன்றே அதனைக் கொல்வது உலகெங்கும் தொழில் வழக்கமாயிற்று. ஜேர்மனி 2022இன் தொடக்கத்தில் அதற்குத் தடைவிதித்தது. வளவுக்கு வரும் கலப்பினச் சேவலுக்கு ஐந்தாறு மாத வெயிலாவது கிடைக்கிறது. இதனை அற்பமென்று நான் கருதவில்லை.

கூண்டுக் கோழிக்கு யாரும் கை நீட்டவில்லை, அதனால் வாக்கும் முறியவில்லை என்று ஒருவர் வாதிடலாம். வாதம் சரிதான், குற்றம் அதனால் குறையவில்லை. வாக்குக் கொடுக்கக்கூடிய உறவையே அங்கு அகற்றிவிட்டார்கள்.

வாக்கை முறிக்க நேரும் வேறொரு வகை உண்டு. அதனைக் கொடுமையென்று சொல்ல எனக்கு நா எழாது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி, 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல்கோள், 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இலட்சத்துக்கு மேற்பட்டோரை விரட்டிய போர். பிள்ளையை இடுப்பிலும் பாயைத் தலையிலும் சுமந்து ஓடுபவள் கோழியைத் தூக்க முடியுமா? கூட்டுக் கதவைத் திறந்துவிடலாம், அவ்வளவே. அழைத்தால் வரப் பழகிய கோழிகள் அழைப்பாரின்றி அவ்வளவுகளிற் கிடந்தன. போர் முடிந்தபின் கணவனை இழந்த பெண்களுக்கு உதவியாக முதலிற் கொடுக்கப்பட்டவற்றுள் கோழிக்குஞ்சும் ஒன்று. அக்குஞ்சோடு நுண்கடனும் வந்தது. கிழமைதோறும் கடன்காரன் படலையில் நிற்கும்போது, இன்னும் ஓராண்டு முட்டையிடக்கூடிய கோழி பாதி விலைக்குப் போகும். 2018இல் அரசு, வறட்சி தாக்கிய மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்ததென்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதை ஊகிக்கலாம்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சோளம் விளையவில்லை, வெளியிலிருந்து வாங்க டொலரும் இல்லை, கோழித்தீன் விலை ஏறியது. 2022 ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்பு முட்டைக்கு 45 ரூபாய் என அரசு உச்சவிலை குறித்தது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. வாவிக்கரையிலும் தீன்மூட்டையை நம்பிய வளவுகள் கோழியை விற்றுக் கூட்டைக் காலியாக்கின. தவிடும் குறுணலும் கறையானும் கொண்டு ஊர்க்கோழியை வளர்த்தோர் ஒருவாறு தாக்குப்பிடித்தனர். அந்நாட்களில் கோழியிடம் கருணை காட்டுமாறு அப்பெண்களுக்கு உபதேசிக்க யாருக்குத் தகுதி இருந்தது? வாக்கைக் காப்பாற்றவும் வசதி வேண்டியிருக்கிறது. அவ்வசதியைப் பறித்தவன் அவ்வாக்கு முறிந்ததற்கும் பொறுப்பாளி.

மனிதத் துயர் மலையாய்க் கிடக்கக் கோழியின் துயர் பேசுவதா என்று இன்னும் கேட்போர் ரோசா லக்சம்பேர்க்கை நினைக்கட்டும். 1917 டிசம்பரில் பிரெஸ்லவ் சிறையில் இருந்தபடி, ருமேனியாவிலிருந்து கொள்ளைப்பொருளாகக் கொண்டுவரப்பட்ட எருமையொன்று பாரவண்டியிற் பூட்டப்பட்டுக் குருதி சொட்ட அடிபடுவதைக் கண்டு அழுததைத் தம் தோழிக்கு எழுதினார் அவர். போரையும் முதலாளித்துவத்தையும் அவரைவிட வன்மையாய் எதிர்த்தவர் எத்தனை பேர்? அந்த எருமையின் முதுகில் விழுந்த அடியில் அவர் போரையே கண்டார்.

ஒரு செய்தி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. கலப்பினப் பேடுகள் ஏழெட்டு வைத்திருப்போர் அவற்றோடு ஊர்க்கோழி ஒன்றிரண்டையும் விடாமல் வைத்திருக்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. வயதாகி முட்டை அருகிய பழைய பேடு அது. கணக்குப் பார்ப்பவர் முதலில் விற்கச் சொல்லும் கோழியும் அதுதான். அடை வந்ததும் அதன் கீழ் மற்றவற்றின் முட்டைகளை வைப்பார்கள். 21ஆம் நாள் செம்மஞ்சளும் கறுப்பும் புள்ளியுமாய், தனக்கு எவ்வுறவுமில்லாத குஞ்சுகளோடு அது வெளியே வரும். பருந்தின் நிழல் கண்டால் குரல் கொடுக்கும். குஞ்சுகள் ஓடி அதன் சிறகுக்குள் ஒடுங்கும். வளர்ப்பவளின் கையைக் கண்டு அது அஞ்சுவதில்லை. ஆகவே அக்குஞ்சுகளும் அஞ்சக் கற்பதில்லை. வேளாண்மைப் போதனாசிரியர்கள் குஞ்சுகளை விநியோகிக்கும்போது அத்தகைய பேடு ஒன்று வளவில் உண்டா என்று முதலிற் கேட்டுக் குறித்துக்கொள்வார்களானால், திட்டத்தின் செலவு பெரிதாய் ஏறிவிடாது.